பைத்தானில் இருபரிமாண அணி: அந்த ஒரு வரியைத் திருத்திப் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற வார மாணவர் இணைப்பில், பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் படிக்கும் பிள்ளைகளுக்காக வந்திருந்த, பைத்தான் என்ற கணினி மொழியைச் சொல்லித்தரும் பகுதியைப் பற்றி எழுதுகிறேன். ‘இருபரிமாண அணியை (வரிசையும் பத்தியுமாக உள்ள கட்டத்தை) உருவாக்கும் வழி’ என்று சொல்லி அதில் [[0]*7]*7 என்கிற மாதிரி ஒரே ஒரு வரி போட்டிருந்தீர்கள். அந்த வரி தப்பு. ஓடும், எந்தப் பிழையும் காட்டாது, அச்சிட்டுப் பார்த்தால் எல்லாம் ஒழுங்காகத்தான் தெரியும், ஆனாலும் தப்பு. அதைத் திருத்திப் போடுங்கள் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளும், பொறுமையாகப் படியுங்கள்.

மன்னார்குடியில் இருக்கிறேன். பகலில் கடைகளுக்குக் கணக்கு மென்பொருள் எழுதிக் கொடுப்பது தொழில். சாயங்காலம் எங்கள் தெருப் பிள்ளைகள் நாலைந்து பேர் பைத்தான் கற்றுக்கொள்ள வருவார்கள். அதில் ஒருத்திக்குக் கோலம் என்றால் உயிர். புள்ளிக் கோலத்தைக் கணினியில் போட்டுப் பார்க்க வேண்டும் என்று உங்கள் பத்திரிகையிலிருந்து அந்தப் பகுதியை வெட்டி எடுத்து, நோட்டில் ஒட்டி, அதில் இருந்தபடியே தட்டியிருக்கிறாள்.

கோலம் = [[0]*7]*7
கோலம்[0][3] = 1

(பைத்தான் 3-ல் மாறிக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம், மேலே உள்ள இரண்டு வரியும் அப்படியே ஓடும்.)

ஏழுக்கு ஏழு கட்டம், எல்லாவற்றிலும் 0, முதல் வரிசையின் நடுவில் மட்டும் ஒரு புள்ளி (பைத்தான் 0-லிருந்து எண்ணும், அதனால் [0] முதல் வரிசை, [3] நாலாவது கட்டம்). அவள் நினைத்தது இதுதான். வந்தது என்ன தெரியுமா, ஏழு வரிசையிலும் நடுவில் 1. மேலிருந்து கீழே ஒரே கோடு. “அக்கா, நான் ஒரு புள்ளி வெச்சா ஏழு வருது” என்று வந்து நின்றாள். அதற்கு முன்னால் இரண்டு நாள் போராடியிருக்கிறாள். கணினியை அணைத்துப் போட்டிருக்கிறாள், பைத்தானை அழித்துவிட்டு மறுபடி ஏற்றியிருக்கிறாள். பேப்பரில் வந்தது தப்பாக இருக்கும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. உங்கள் பத்திரிகை மேல் பிள்ளைகளுக்கு அவ்வளவு நம்பிக்கை இருக்கிறது, அதனால்தான் இதை விட்டுவிட மனசு வரவில்லை.

நடந்தது இதுதான். உள்ளே இருக்கும் [0]*7 ஒரு வரிசையை உண்டாக்குகிறது. வெளியே இருக்கும் *7 அந்த வரிசையை ஏழாகப் பெருக்குவதில்லை, அதே வரிசையை ஏழு தடவை சுட்டிக்காட்டுகிறது, அவ்வளவுதான். ஒரே வீட்டுக்கு ஏழு கதவு எண் எழுதி வைத்த மாதிரி. ஒன்றாம் எண் வீட்டில் விளக்கேற்றினால் ஏழாம் எண் வீட்டிலும் எரியத்தான் செய்யும், வீடு ஒன்றுதானே. சந்தேகமிருந்தால் கோலம்[0] இஸ் கோலம்[1] என்று பைத்தானிடமே கேட்கலாம். ‘ட்ரூ’ என்று பதில் வரும், அதாவது இரண்டும் ஒரே பொருள்.

அப்படியானால் உள்ளே இருக்கும் *7 மட்டும் எப்படிச் சரியாக வேலை செய்கிறது, அங்கேயும் ஒரே 0-வைத்தானே ஏழு தடவை காட்டுகிறது என்று அவள் கேட்டாள். நல்ல கேள்வி. ஆமாம், அங்கேயும் ஒரே 0-தான். ஆனால் 0 என்ற எண்ணை யாராலும் மாற்ற முடியாது. கோலம்[0][3] = 1 என்னும்போது 0 மாறி 1 ஆவதில்லை, அந்தக் கட்டத்தில் 0 பக்கம் காட்டிக்கொண்டிருந்த அம்பு 1 பக்கம் திரும்புகிறது, மற்ற ஆறு அம்புகளும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. லிஸ்ட், அதாவது சதுர அடைப்புக்குள் வரிசையாக வைக்கும் தொகுப்பு, அப்படியில்லை, அதன் உள்ளே கைவைத்து மாற்றலாம், அப்படி மாற்றினால் அதைக் காட்டும் எல்லா அம்புக்கும் அந்த மாற்றம் தெரியும். மாற்ற முடிந்த பொருள், மாற்ற முடியாத பொருள் என்ற இந்தப் பாகுபாடு புத்தகத்தில் வரையறையாக வருகிறது, பிள்ளைகள் மனப்பாடமும் செய்கிறார்கள். ஏழு புள்ளி ஒரே கோடாக விழுந்த அன்றைக்குத்தான் அவளுக்கு அது புரிந்தது.

சரியான வரி இது: [[0]*7 ஃபார் வ இன் ரேஞ்ச்(7)]. ஃபார், இன், ரேஞ்ச் மூன்றையும் ஆங்கில எழுத்தில் தட்ட வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் [0]*7 புதிதாக ஓடுவதால் ஏழு தனித்தனி வரிசை கிடைக்கும். பைத்தானின் அதிகாரபூர்வ ஆவணத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள் என்று ஒரு பகுதி உண்டு, அதில் இதற்கென்றே தனிக் கேள்வி இருக்கிறது. அந்த அளவுக்கு உலகம் முழுக்க ஆட்கள் விழுந்து எழுந்த குழி இது. ரூபி என்ற மொழியில் அர்ரே.நியூ(7, []) என்று போட்டாலும், ஜாவாஸ்கிரிப்டில் ஃபில் கொடுத்து அதற்குள் ஒரு லிஸ்டை வைத்தாலும் இதே கதைதான். பிஎச்பியில் மட்டும் இந்தத் தொல்லை இல்லை, அங்கே அணியை இன்னொரு இடத்தில் வைத்தால் அது தனிப் பிரதியாகவே நடந்துகொள்ளும்.

வரியைத் திருத்தினால் மட்டும் போதாது என்று நினைக்கிறேன். ‘உருவாக்கும் வழி’ என்று ஒருமையில் எழுதியிருந்தீர்களே, என் பெரிய வருத்தம் அதில்தான். இதே பிள்ளைகள் பதினொன்றாம் வகுப்பில் சி பிளஸ் பிளஸ் படித்துவிட்டு வருகிறார்கள். அங்கே இருபரிமாண அணி என்று உண்மையிலேயே ஒன்று உண்டு. ஏழுக்கு ஏழு என்று அறிவித்தால் நினைவகத்தில் 49 கட்டம் ஒட்டினாற்போல் வரிசையாகக் கிடைக்கும். பன்னிரண்டாம் வகுப்புக்கு வந்து பைத்தானில் அதைத் தேடினால், மொழிக்குள் அப்படி ஒன்று இல்லவே இல்லை. லிஸ்ட் இருக்கிறது, டியூப்பிள் (உருவாக்கிய பின் மாற்ற முடியாத தொகுப்பு) இருக்கிறது, டிக்‌ஷனரி (சாவியைக் கொடுத்தால் அதற்குரிய மதிப்பைத் தரும் தொகுப்பு) இருக்கிறது, இவற்றை வைத்து நாமே ஒன்றைக் கட்டிக்கொள்ள வேண்டும். ஸ்கிரிப்டிங் மொழிகளில் பெரும்பாலும் இப்படித்தான். எதை வைத்துக் கட்டுவது என்பது கையில் இருக்கும் வேலையைப் பொறுத்தது, அதை யோசிக்கத்தான் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டும்.

ஒரு சின்ன விஷயம். கணக்குப் புத்தகத்தில் அணிக்கு நிரை, நிரல் என்று படிக்கிறார்கள், அடுத்த பாடவேளையில் கணினிப் புத்தகத்தைத் திறந்தால் நிரல் என்றால் புரோகிராம். இந்தக் குழப்பம் வேண்டாம் என்று நான் வரிசை, பத்தி என்றே சொல்கிறேன்.

கோலத்துக்கே வருகிறேன். நேர்ப்புள்ளிக் கோலம், 7 புள்ளி 7 வரிசை என்றால், லிஸ்டுக்குள் லிஸ்ட் நன்றாகவே பொருந்தும். ஊடுபுள்ளி வைத்தால்தான் சங்கதி மாறுகிறது. 7 புள்ளி, 4 வரை, ஊடுபுள்ளி என்றால் வரிசைகள் 4, 5, 6, 7, 6, 5, 4 என்று போகும், மொத்தம் 37 புள்ளி. லிஸ்டுக்குள் லிஸ்டில் ஒவ்வொரு வரிசையும் தனி என்பதால் ஒன்று நீளமாகவும் ஒன்று குட்டையாகவும் இருக்கலாம், சி பிளஸ் பிளஸ் மாதிரி 49 கட்டத்தைப் பிடித்துப்போட வேண்டியதில்லை. நல்லதுதானே என்று தொடங்கினோம், அரை மணி நேரத்தில் மாட்டிக்கொண்டோம். மூன்றாவது புள்ளி என்றால் எந்த மூன்றாவது? முதல் வரிசையின் மூன்றாவது புள்ளிக்கு நேர் கீழே இரண்டாவது வரிசையில் புள்ளியே கிடையாது, அது இரண்டு புள்ளிகளுக்கு நடுவே விழுகிறது. வலது கீழ்ப் பக்கத்துப் புள்ளியைப் பிடிக்க மேல் பாதியில் ஒரு கணக்கு, நடு வரிசையைத் தாண்டினால் இன்னொரு கணக்கு. புரோகிராம் முழுக்க ‘இஃப்’ மயமாகிவிட்டது.

அப்புறம் தரையில் கோலம் போடுகிறவர்கள் எப்படி வைப்பார்கள் என்று யோசித்தோம். அடுத்த வரிசையின் புள்ளியை அரை இடம் தள்ளி வைப்பார்கள். சரி, அந்த அரை இடத்தையே ஒரு பத்தியாக எண்ணிவிடுவோம் என்று முடிவு செய்தோம். அப்போது முதல் வரிசையின் நாலு புள்ளியும் 3, 5, 7, 9 பத்திகளில் விழும், அடுத்த வரிசையில் 2, 4, 6, 8, 10, நடு வரிசையில் 0 முதல் 12 வரை இரண்டிரண்டாக. இதை முழுக் கட்டமாக வைத்தால் 7 வரிசைக்கு 13 பத்தி, 91 கட்டம், அதில் 37-ல் மட்டும்தான் புள்ளி, மீதி 54 வெறுமையாகக் கிடக்கும். இந்த இடத்தில்தான் டிக்‌ஷனரி கைகொடுக்கிறது. (0, 3) என்ற டியூப்பிளைச் சாவியாக வைத்து அதற்கு 1 கொடுத்தால் போதும், 37 புள்ளிக்கு 37 சாவி. எந்தப் புள்ளியை எடுத்தாலும் அதன் வலது கீழ்ப் பக்கத்துப் புள்ளி, வரிசையில் ஒன்று கூட்டி பத்தியில் ஒன்று கூட்டினால் கிடைத்துவிடும். மேல் பாதி, கீழ்ப் பாதி என்ற பேச்சே இல்லை. அங்கே புள்ளி இல்லையென்றால் கெட் என்ற செயற்கூறு, இல்லாததற்கு 0 கொடு என்று சொன்னபடி, பிழை காட்டாமல் 0 கொடுத்துவிடும். இன்னொன்றை அவளே கண்டுபிடித்தாள்: இந்த முறையில் எந்தப் புள்ளியின் வரிசை எண்ணையும் பத்தி எண்ணையும் கூட்டினாலும் ஒற்றைப்படைதான் வருகிறது. இரட்டைப்படை வந்தால் புள்ளி இடம் மாறி விழுந்துவிட்டது என்று அர்த்தம். சரிபார்க்க இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை, அவள் சொன்ன அன்றைக்கு எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை எப்படி எழுதுவது என்றே தெரியவில்லை.

டிக்‌ஷனரியிலும் கவனம் வேண்டும். சாவியாக லிஸ்டை வைக்க முடியாது, பைத்தான் மறுத்துவிடும், டியூப்பிள்தான் வைக்க வேண்டும். சிலர் "2,3" என்று எழுத்துச்சரமாகச் சாவி வைக்கிறார்கள். ஓடும்தான், ஆனால் நடுவில் ஒரு இடைவெளி விழுந்து "2, 3" என்று ஆகிவிட்டால் அது வேறு சாவி, "02,3" இன்னொரு சாவி. எந்தப் பிழையும் வராது, வைத்த புள்ளி மட்டும் காணாமல் போகும். பாஷ் மாதிரியான கட்டளை மொழியில் வேறு வழியில்லை, அங்கே டிக்‌ஷனரியே 2009-ல் வந்த 4.0 பதிப்பில்தான் சேர்ந்தது, சாவி எழுத்துச்சரம் மட்டுமே. 1977-ல் பெல் ஆய்வகத்தில் பிறந்த ஆக் மொழியில் [2,3] என்று எழுதினால் பார்க்க இருபரிமாணம் மாதிரியே இருக்கும். உள்ளே 2-க்கும் 3-க்கும் நடுவில் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறியை, 28-ஆம் எண் குறியை, வைத்து ஒட்டி ஒரே எழுத்துச்சரமாக்கித்தான் வைக்கிறார்கள். இந்த வித்தையைப் பிள்ளைகளுக்குச் சொன்னால் கண்கள் விரிகின்றன. மொழியில் இல்லாத ஒன்றை இருப்பதை வைத்துச் சமாளித்திருக்கிறார்கள் என்று தெரிந்ததும், நாமும் ஒன்று செய்து பார்க்கலாமே என்ற தைரியம் வருகிறது.

மூன்றாவது வழி, எல்லாவற்றையும் ஒரே நீள லிஸ்டாக வைப்பது. 49 கட்டம், வரிசை*7 + பத்தி என்று போட்டால் இடம் கிடைக்கும், திரும்பிப் போக 7-ஆல் வகுத்தால் ஈவு வரிசை, மீதி பத்தி. கோப்பில் எழுதவும் பிரதி எடுக்கவும் இதுதான் சுலபம். உள்ளே எண்கள் மட்டுமே இருக்கும் லிஸ்டை [:] போட்டுப் பிரதி எடுத்தால் அது முழுப் பிரதி. லிஸ்டுக்குள் லிஸ்டை அப்படிப் பிரதி எடுத்தால் வெளிச்சட்டம் மட்டும்தான் புதிது, உள்ளே இருக்கும் வரிசைகள் பழையவையே, மறுபடியும் கதவு எண் கதைதான். ஆனால் நீள லிஸ்டுக்கு ஓரம் தெரியாது. முதல் வரிசையின் கடைசிக் கட்டம் 6-ஆம் இடம், அதன் வலது பக்கம் என்று ஒன்று கூட்டினால் 7, அது இரண்டாவது வரிசையின் முதல் கட்டம். சிக்குக் கோலத்தின் இழை வலது ஓரத்தில் மறைந்து இடது ஓரத்தில் முளைப்பது இதனால்தான்.

ஓரம் என்றதும் என் தொழிலில் பட்ட ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஒரு ஜவுளிக்கடைக்கு ஆயத்த ஆடை இருப்புக் கணக்கு எழுதிக் கொடுத்திருந்தேன். வரிசை என்றால் அளவு, பத்தி என்றால் நிறம், லிஸ்டுக்குள் லிஸ்ட். அளவுகளுக்கான எழுத்துகளை ஒரு எழுத்துச்சரமாக வைத்து, விற்ற சட்டையின் அளவு அதில் எத்தனையாவது என்று ஃபைண்ட் போட்டுத் தேடி, அந்த வரிசையில் ஒன்று குறைப்பேன். பட்டியலில் இல்லாத ஒரு அளவை யாரோ தட்டிவிட்டார்கள். ஃபைண்ட் கண்டுபிடிக்க முடியாவிட்டால் -1 கொடுக்கும். பைத்தானில் லிஸ்டின் [-1] என்றால் கடைசி. அவ்வளவுதான், தவறாகத் தட்டிய ஒவ்வொரு விற்பனையும் மிகப் பெரிய அளவுச் சட்டைகளின் இருப்பிலிருந்து கழிந்துகொண்டே போனது. மூன்று வாரம் கழித்து, அலமாரியில் இருக்கும் சட்டை கணக்கில் இல்லையே என்று கடைப்பையன் மேல் சந்தேகப்பட்டார்கள். அந்தப் பையனை நிற்க வைத்துக் கேட்டதாக எனக்குத் தெரிய வந்த அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. நேரில் போய், பிழை என்னுடையது என்று சொல்லிவிட்டு வந்தேன். அப்போதே டிக்‌ஷனரியாக வைத்திருந்தால் இல்லாத அளவு வந்த அந்த நொடியே பிழை காட்டி நின்றிருக்கும். ஃபைண்டுக்குப் பதில் இண்டெக்ஸ் போட்டிருந்தாலும் நின்றிருக்கும். எந்த வடிவத்தில் வைப்பது என்பதை ஏதோ பரீட்சைக் கேள்வி மாதிரி கடந்துபோக என்னால் முடியாததற்கு இதுதான் காரணம்.

பெரிய அளவில், படங்களையோ லட்சக்கணக்கான அளவீடுகளையோ கையாள நம்பை என்ற தொகுப்பு இருக்கிறது. அதன் 1.0 பதிப்பு 2006-ல் வந்தது. சி பிளஸ் பிளஸ் போலவே அதில் கட்டங்கள் நினைவகத்தில் ஒட்டிக் கிடக்கும். ஆயிரத்துக்கு ஆயிரம், பத்து லட்சம் கட்டத்தைக் கட்டத்துக்கு ஒரு பைட் என்று அதில் வைத்தால் பத்து லட்சம் பைட்தான். லிஸ்டுக்குள் லிஸ்டாக வைத்தால் இன்றைய 64 பிட் கணினியில் கட்டத்துக்கு எட்டு பைட் அந்த அம்புக்கே போய்விடும். ஆனால் பள்ளிப் பிள்ளைகளுக்கு முதலில் இதைக் காட்ட வேண்டாம் என்பது என் கருத்து. மேலே சொன்னதையெல்லாம் கையால் செய்து பார்த்த பிறகு போனால் அதன் அருமை தெரியும். அதிலும் ஒரு வரிசையை வெட்டி எடுத்து மாற்றினால் மூலமும் மாறும், வெட்டு என்பது அங்கே பிரதி இல்லை.

கோலத்தையும் அணியையும் நான் வலிந்து முடிச்சுப் போடவில்லை. தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் இருந்த கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி இருவரும் கமலா கிருத்திவாசனோடு சேர்ந்து 1974-லேயே, கோலங்களை இருபரிமாண அணிகளாக எழுதி அவற்றுக்கு இலக்கணம் வகுக்கும் ஆய்வுக்கட்டுரையை வெளியிட்டிருக்கிறார்கள். பைத்தானின் முதல் வெளியீடு 1991-ல்தான். வாசலில் போடும் கோலம் கணினி அறிவியலின் ஆய்வுக் கட்டுரைகளில் ஏறி ஐம்பது வருஷமாகிறது என்பது நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? உங்கள் இணைப்பில் இதை ஒரு பெட்டிச் செய்தியாகவாவது போடலாமே.

நான் கேட்பது இதுதான். அந்த வரிக்கான திருத்தத்தை அதே இணைப்பில், அதே எழுத்து அளவில், பிள்ளைகள் வெட்டி ஒட்டிக்கொள்ளும்படி போடுங்கள். பக்கத்தின் மூலையில் பொடி எழுத்தில் போட்டால், முன்பு வெட்டி ஒட்டியவர்கள் கண்ணில் அது படாது. அடுத்த மூன்று நான்கு வாரம் அந்தப் பகுதியில் ஒரே கோலத்தை, அல்லது ஒரே வகுப்பின் மதிப்பெண் பட்டியலை எடுத்துக்கொண்டு, ஒரு வாரம் லிஸ்டுக்குள் லிஸ்டாக, ஒரு வாரம் டிக்‌ஷனரியாக, ஒரு வாரம் ஒற்றை நீள லிஸ்டாக எழுதிக் காட்டுங்கள். ஒவ்வொன்றிலும் எங்கே வழுக்கும் என்பதையும் சேர்த்தே எழுதச் சொல்லுங்கள். எழுதுகிறவர், அச்சுக்குப் போகும் முன் ஒரு கட்டத்தை மாற்றிப் பார்த்துவிட்டு முழுவதையும் அச்சிட்டுப் பார்க்கட்டும், ஒரு நிமிஷ வேலை.

37 புள்ளி ஊடுபுள்ளிக் கோலத்தை அவள் டிக்‌ஷனரியில் எழுதி முடித்துவிட்டாள். அவள் எழுதிய 28 வரியின் அச்சுப்படியை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். இடம் இருந்தால் திருத்தத்துக்குப் பக்கத்தில் போடுங்கள். பெயர் போட வேண்டாமாம், ஊர் பெயர் மட்டும் போட்டால் போதும் என்கிறாள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
மன்னார்குடி